மருத்துவமனை உயிர்வேதியியல் லேபில் மனிதருக்கு என்ன வேலை?

நீங்கள் கேட்டது இது: மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவ அறிவியல் பட்டயப்படிப்பை முடிக்கப்போகிறாள். மருத்துவமனையின் உயிர்வேதியியல் லேபில் சேர ஆசைப்படுகிறாள். உறவினர் ஒருவர், "இப்போ எல்லாத்தையும் மெஷினே செய்யுது, பட்டனைத் தட்டவா இவ்வளவு படிச்சே?" என்று கேட்டுவிட்டார், அதிலிருந்து அவள் முகம் வாடியிருக்கிறது. அது உண்மையா, இரவு வேலை எப்படி, ரத்தத்தோடு புழங்குவதில் ஆபத்து உண்டா, மேலே போக வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சிங்கப்பூரில் 19 ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். உறவினர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன்.

மெஷின் செய்கிறது என்பது உண்மைதான். வார்டில் எடுத்த ரத்தம் காற்றுக்குழாய் வழியாக எங்களிடம் வந்து விழுகிறது. பார்கோடைப் படித்ததும் குழாய் தண்டவாளம் போன்ற பாதையில் ஏறுகிறது. சென்ட்ரிஃபியூஜ் அதைச் சுமார் பத்து நிமிடம் சுழற்றுகிறது. சிவப்பணுக்கள் அடியில் தங்க, சீரம் மேலே தெளிகிறது. அதில் ஒரு துளியின் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவை ஊசி உறிஞ்சி, சோதனைக்கான வேதிக்கரைசலோடு, அதாவது ரீயேஜண்டோடு, கலந்து, சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், கல்லீரல் என்சைம்கள் என்று வரிசையாக எண்களைத் தருகிறது. காலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை ட்ரேயில் குழாய்கள் குவிந்துகொண்டே இருக்கும். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் எல்லா வார்டுக்கும் ரிசல்ட் போயாக வேண்டும். இத்தனையையும் கையால் செய்ய நூறு பேர் இருந்தாலும் போதாது.

ஆனால் மெஷின் அளப்பது குழாய்க்குள் இருப்பதை. குழாய்க்குள் இருப்பதுதான் அந்த நோயாளியின் உடம்புக்குள்ளும் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் நாங்கள் இருக்கிறோம்.

ஓர் இரவில் நடந்ததைச் சொல்கிறேன். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. வயதான ஒருவரின் மாதிரியில் பொட்டாசியம் 8.7 என்று திரை சிவந்தது. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய உப்பு அது. 6.5ஐத் தாண்டினாலே இதயத் துடிப்பு தடுமாறலாம். 8.7 என்றால் எந்த நொடியும் நின்றுவிடலாம். வயிற்றில் புளியைக் கரைத்தது. விதிப்படி உடனே வார்டை அழைக்க வேண்டும். போனைக் கையில் எடுத்துக்கொண்டே அடுத்த வரிகளைப் பார்த்தேன். கால்சியம் 1.0. சாதாரணமாக 2.2க்கு மேல் இருக்கும். அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைம் கிட்டத்தட்ட காணவே காணோம். முந்தைய நாள் அதே மனிதருக்குப் பொட்டாசியம் 4.1.

பொட்டாசியம் ஏறி, கால்சியமும் அந்த என்சைமும் ஒன்றாகச் சரிந்தால் உள்ளே இடிடிஏ புகுந்திருக்கிறது என்று பொருள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் பூசப்பட்டிருக்கும் வேதிப்பொருள் அது. பொட்டாசிய உப்பாக இருப்பதால் பொட்டாசியத்தைக் கூட்டிக் காட்டும். கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என்சைம் வேலை செய்யத் தேவையான துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும்கூட விடாது. வார்டில் போனை எடுத்த இளம் டாக்டரிடம் எண்ணைச் சொன்னேன். கூடவே, "இது நோயாளியின் எண் என்று நான் நம்பவில்லை, தயவுசெய்து அவரைப் பாருங்கள், ஈசிஜி எடுங்கள், உடனே புதிய மாதிரி அனுப்புங்கள்" என்றும் சொன்னேன். எண்ணைக் கேட்டதுமே அவர் பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றச் சொல்லித் தாதியிடம் சொல்லிவிட்டிருந்தார். நிறுத்திவைத்தார். பிறகு விவரம் தெரிந்தது. பெரியவருக்கு நரம்பு கிடைக்கவில்லை, மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை, அதனால் ஊதாக் குழாயிலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றியிருக்கிறார்கள். பெரியவரை இன்னொரு முறை குத்தி வதைக்கக் கூடாது என்ற இரக்கத்தில் செய்தது. இருபது நிமிடத்தில் வந்த புதிய மாதிரியில் 4.2. நல்ல அளவில் இருந்த பொட்டாசியத்தின்மேல் இன்சுலின் ஏற்றியிருந்தால் அது கீழே விழுந்திருக்கும், அதுவும் இதயத்துக்கு ஆபத்துதான்.

எண் வந்தவுடன் மெஷின் தன் வேலையை முடித்துவிட்டது. தவறும் மெஷினுடையது இல்லை. உங்கள் உறவினரிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்படி ஒவ்வொரு கலப்படத்துக்கும் ஒரு சாயல் உண்டு, பழகப் பழகக் கண்ணில் படும். டிரிப் ஏறும் கையிலேயே ரத்தம் எடுத்தால் சர்க்கரை வானத்தைத் தொடும், மற்றதெல்லாம் நீர்த்துப்போயிருக்கும். 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்பில் லிட்டருக்கு ஏறத்தாழ 278 மில்லிமோல் சர்க்கரை இருக்கிறது, ரத்தத்தில் ஐந்தோ ஆறோதான். பத்தில் ஒரு பங்கு கலந்தாலே எண் 30ஐத் தாண்டிவிடும். மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடையும். அவற்றுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கும் மேல் இருப்பதால் அதுவும் பொய்யாக ஏறும். குழாயைக் குளிர்பெட்டியில் வைத்து மறந்துவிட்டாலும் அப்படியே. சுழற்றாமல் வெளியில் கிடந்தால் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு ஐந்து முதல் ஏழு விழுக்காடு குறையும். சர்க்கரை பார்க்கச் சாம்பல் மூடிக் குழாய் என்று தனியாக வைத்திருப்பது அதற்காகத்தான்.

நான் புதிதாகச் சேர்ந்தபோது எனக்குக் கற்றுக்கொடுத்த மலாய் அக்கா ஒருவர் குழாயை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் எதிலும் கை வைக்க மாட்டார். நல்ல சீரம் இளம் வைக்கோல் நிறத்தில் இருக்கும். அணு உடைந்தது ரோஜா ஷர்பத் மாதிரி. காமாலை என்றால் மஞ்சள் கரைத்த தண்ணீர். கொழுப்பு மிகுந்த மாதிரி தேங்காய்ப்பால்போல் வெளுத்து, குழாய்க்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியாது. இப்போது மெஷினே இந்த மூன்றையும் ஒளியால் அளந்து எச்சரிக்கை தருகிறது. இருந்தும் நான் இன்றுவரை தூக்கிப் பார்க்கிறேன்.

அடுத்தது தரக்கட்டுப்பாடு. நாங்கள் க்யூசி என்போம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, அளவு ஏற்கெனவே தெரிந்த மாதிரியை மெஷினில் ஓட்டிப் பார்ப்பது. ஆனால் சோற்றைப்போல ஒன்றைப் பதம் பார்த்தால் போதாது. குறைந்தது இரண்டு வேண்டும், சாதாரண அளவில் ஒன்று, நோய் அளவில் ஒன்று. வரும் எண்ணை ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைப்போம். லீவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் 1950இல் மருத்துவ லேபுக்குக் கொண்டுவந்த முறை. எந்தப் புள்ளி எங்கே விழுந்தால் நிறுத்த வேண்டும் என்பதற்கு வெஸ்ட்கார்ட் 1981இல் விதிகள் வகுத்தார். ஒரு புள்ளி சற்று விலகினால் அது தற்செயலாக இருக்கலாம், இருபதில் ஒன்று அப்படி விழத்தான் செய்யும். ஆனால் பத்துப் புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால், ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருந்தாலும், ஏதோ நகர்ந்துவிட்டது.

ஒரு முறை கால்சியத்தில் அப்படி நடந்தது. எந்தப் புள்ளியும் எல்லையைத் தாண்டவில்லை, மெஷின் பச்சை விளக்கே காட்டியது. ஆனால் ஏழெட்டு நாளாக எல்லாப் புள்ளியும் கோட்டுக்கு மேலேயே. ரீயேஜண்டின் புது லாட், அதாவது புதிய தயாரிப்புத் தொகுதி, மாற்றிய தேதியோடு ஒப்பிட்டால் அன்றுதான் ஆரம்பம். "எல்லைக்குள்தானே இருக்கிறது" என்றார் அப்போதைய மேற்பார்வையாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய லாட் இரண்டு பாட்டில் மிச்சமிருந்தது. இருபது நோயாளிகளின் மாதிரியை இரண்டிலும் ஓட்டினேன். புதியது எல்லாரிலும் சற்றே கூட்டிக் காட்டியது. சிறிய வித்தியாசம்தான், ஆனால் கால்சியத்தின் இயல்பு எல்லையே மிகக் குறுகியது. அந்தச் சிறு நகர்வில் நல்ல உடம்போடு இருக்கும் சிலர் "கால்சியம் அதிகம்" என்ற வரிசைக்குப் போய்விடுவார்கள், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிக்குச் சோதனை, ஸ்கேன், இன்னொரு ரத்தம் என்று அலைவார்கள். லாட்டைத் திருப்பி அனுப்பினோம். அந்த இருபது பேரில் ஒருவருக்கும் இது தெரியாது. இந்த வேலையின் திருப்தி பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான், மகள் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

சிங்கப்பூருக்கே உரிய சில விஷயங்கள் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் 2016இல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தார். நம் இந்தியச் சமூகத்தில் இந்த நோய் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார். மூன்று மாதச் சர்க்கரை என்று சொல்கிறோமே, எச்பிஏ1சி, அது ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. பிரச்சினை என்னவென்றால் எல்லாருடைய ஹீமோகுளோபினும் ஒன்றுபோல் இல்லை. மலாய்க்காரர்களிடையே ஹீமோகுளோபின் ஈ பரவலாக உண்டு. இந்தியர்களில் சிலருக்கு எஸ் அல்லது டி வகை இருக்கும். ஹீமோகுளோபினைப் பிரித்து அளக்கும் மெஷினில் ஓட்டும்போது வரைபடத்தில் வழக்கமில்லாத ஒரு மேடு எழும். சில முறைகளில் அந்த மேடு விடையைக் கெடுத்துவிடும். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை லிட்டருக்கு 12 மில்லிமோல் என்று எகிறி, எச்பிஏ1சி மட்டும் அழகாக 5.4 விழுக்காடு என்று வந்தால், நோயாளி மீட்டரைத் தவறாகப் பிடித்தார் என்று முடிவுகட்டுவதற்கு முன் அந்த மேட்டைப் பார்க்க வேண்டும். ஒரே லேபில் மூன்று நான்கு இனத்தாரின் ரத்தம் நாள்தோறும் வருவதால் நம் ஆள்களுக்கு இந்தக் கண் சீக்கிரம் வாய்க்கிறது.

இன்னொன்று ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு. இது இருக்கும் குழந்தைக்குச் சில மருந்துகள், அலமாரியில் போடும் பாச்சை உருண்டையின் வாடை போன்றவை பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை மூளைவரை போகலாம். ஒரு காலத்தில் இங்கே பச்சைக் குழந்தைகள் இதனால் இறந்திருக்கிறார்கள். பேராசிரியர் வோங் ஹொக் பூன் போன்ற குழந்தை மருத்துவர்களின் முயற்சியால், நாடு சுதந்திரம் பெற்ற அதே 1965ஆம் ஆண்டில் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதிப்பது தொடங்கியது. உங்கள் மகள் பிறந்தபோதும் சோதித்திருப்பார்கள். இன்றும் பிறந்த குழந்தைக்குப் பிலிருபின், அதாவது காமாலையில் உடம்பை மஞ்சளாக்கும் நிறமி, பார்க்க மாதிரி வந்தால் மற்ற வேலையை விட்டுவிட்டு அதை எடுப்போம். வெளிச்சம் பட்டால் பிலிருபின் சிதையும், அதனால் குழாயை மறைத்தே அனுப்புவார்கள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத குழாயில் அடியில் கொஞ்சமாக ரத்தம், அவ்வளவுதான் இருக்கும். வீணாக்கினால் அந்தக் குதிகாலில் மறுபடியும் குத்த வேண்டும்.

அலகு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், லேபுக்கு வெளியேதான் இது அதிகம் கண்ணில் படுகிறது. லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் ஓர் அம்மா கண்கலங்க என்னிடம் இரண்டு தாள்களைக் காட்டினார். சென்னையில் எடுத்ததில் கிரியாட்டினின் 1.1, இங்கே பலதுறை மருந்தகத்தில் 97. "மூணு மாசத்துல சிறுநீரகம் இப்படிப் போயிடுமாம்மா?" இரண்டும் ஒரே அளவு. அங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இங்கே லிட்டருக்கு மைக்ரோமோல், 88.4ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 97. சர்க்கரைக்கு 18ஆல் வகுக்க வேண்டும், அங்கே 126 என்றால் இங்கே 7. அவர் பத்து நாளாகத் தூங்கவில்லை என்றார். ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்க யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. உங்கள் மகள் இந்த வேலைக்கு வந்தால், குடும்பத்திலும் அக்கம்பக்கத்திலும் இதைச் சொல்லித்தரும் ஆளாக அவள் இருப்பாள். முடி வளர பயோட்டின் மாத்திரை எடுக்கும் அத்தைமார்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். அதிக அளவு பயோட்டின் சில முறைகளில் தைராய்டு சோதனையைத் தாறுமாறாக்கும், மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனினைக் குறைத்தும் காட்டும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுக்கும்போது மாத்திரை எடுப்பதைச் சொன்னால் போதும்.

பெயர் விஷயத்தில் நாங்கள் இரக்கமில்லாதவர்கள் என்று வார்டில் சொல்வார்கள். நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே வார்டில் இரண்டு முருகன், இருவரின் அப்பா பெயரும் சுப்பிரமணியம் என்பது நடக்கிற கதைதான். அதனால் அடையாள அட்டை எண் பொருந்தாத மாதிரியை, பெயரே ஒட்டாத குழாயை ஏற்கமாட்டோம், யார் கெஞ்சினாலும். முதுகுத்தண்டு நீர்போல மறுபடி எடுக்க முடியாததற்கு மட்டும் தனி நடைமுறை. தாதி அங்கே கோபப்படுவார், நம் மனமும் சங்கடப்படும். வேறொருவரின் ரத்தத்துக்கு இவர் பெயரில் விடை போவதைவிட அந்தச் சங்கடத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

இரவு வேலை பற்றி. உண்டு, தவிர்க்க முடியாது. மருத்துவமனை லேப் 24 மணி நேரமும் இயங்கும். பகலில் கூட்டமாக இருக்கும் இடத்தில் இரவில் ஓரிரு பேர்தான். மெஷின் நின்றால் நாமே பார்க்க வேண்டும், அவசரப் பிரிவு போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஆபத்தான எண் வந்தால் நேரில் பேசிச் சொல்ல வேண்டும். 1972இல் லண்ட்பெர்க் என்ற மருத்துவர் எழுதியதிலிருந்து உலகமெங்கும் பரவிய வழக்கம் இது. சொன்னதைக் கேட்டவர் திரும்பச் சொல்ல வேண்டும், அவர் பெயரையும் நேரத்தையும் பதிய வேண்டும். தூக்கம் கெடும், குழந்தைகள் சிறுவயதில் இருந்தபோது நான் பட்ட பாட்டை மறைக்க விரும்பவில்லை. தீபாவளிக்கு என் மலாய், சீன சகாக்கள் என் ஷிஃப்டை எடுத்துக்கொள்வார்கள். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நாங்கள் நிற்போம். இத்தனை ஆண்டில் இந்த ஏற்பாடு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

தொற்று பயத்துக்குச் சுருக்கமான பதில். எல்லா மாதிரியையும் தொற்று உள்ளதாகவே நினைத்துக் கையாளுவோம். ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி, கையுறை, மேலங்கி, கண் காப்பு எல்லாம் உண்டு. நாங்கள் நோயாளியைக் குத்துவதில்லை என்பதால் ஊசி காயம் அரிது. சென்ட்ரிஃபியூஜுக்குள் குழாய் உடைந்தால் உடனே திறக்காமல் அரைமணி நேரம் விட்டுவிட வேண்டும், திவலைகள் அடங்கட்டும். அவசரக்காரர்கள்தான் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

படிப்பும் முன்னேற்றமும்: இங்கே பதவியின் பெயர் பெரும்பாலும் மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட் அல்லது மெடிக்கல் லேபரட்டரி சயின்டிஸ்ட். பட்டயத்தோடு சேரலாம், ஆனால் மூத்த பதவிக்குப் பட்டம் வேண்டியிருக்கும், முதல் சில ஆண்டுகளுக்குள் அதை முடித்துவிடுவது நல்லது. பிரிட்டனில் இதே வேலைக்குப் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் என்று பெயர், அங்கே பதிவு செய்யாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. அங்கே போக எண்ணம் இருந்தால் பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைப் பார்க்க வேண்டும். சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டம் 2022 ஜனவரியில் லேப்களுக்கு நடைமுறைக்கு வந்தது, மருத்துவ லேப்களுக்கான அனைத்துலகத் தர அளவீடான ஐஎஸ்ஓ 15189 அங்கீகாரமும் பரவலாக இருக்கிறது. அதனால் ஆவண வேலை நிறைய. எழுதப் பிடிக்காதவர்கள் இங்கே திணறுவார்கள்.

பயிற்சிக் காலம் இன்னும் பாக்கி என்று எழுதியிருந்தீர்கள். எந்த மருத்துவமனை கிடைத்தாலும், முதல் வாரத்தில் ஒன்றை மட்டும் அவள் கவனிக்கட்டும்: அங்கே குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவர் யார்? அவர் பக்கத்தில் போய் நின்று, பார்ப்பதை எல்லாம் ஏன் என்று கேட்கட்டும். நேர்முகத்தேர்வில் "ஏதாவது கேட்க வேண்டுமா" என்றால், இரவில் க்யூசி தவறினால் யாரை அழைப்பது, ரிசல்ட்டை நிறுத்திவைக்க இரவுப் பணியாளருக்கு அதிகாரம் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். உண்டு என்று தயங்காமல் சொல்லும் லேபில் சேரட்டும்.